அரைச் சுற்று

அக்கா பொத்தானை அழுத்தினாள். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருந்த விசிறி அரைச் சுற்று சுற்றி நின்றது. அவ்வளவுதான். விளக்கு எரியவில்லை, சத்தம் இல்லை. எதிரே இருந்த திரையில் 'சிக்னல் இல்லை' என்ற எழுத்து மட்டும் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நகர்ந்துகொண்டிருந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி அரைச் சுற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுப்பினால் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்கிறவனைப் போல நடந்துகொண்டது அது.

"பிளக் சரியா மாட்டியிருக்கியா?" என்றேன்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். "அது உன் ஆபீஸ்ல சொல்றதுடா," என்றாள்.

உண்மைதான். வீடுகளுக்கு இணைய இணைப்புக் கொடுக்கும் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில் எனக்கு வேலை. பிளக்கைப் பாருங்கள், அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள் என்ற இரண்டையும் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பேன். கம்ப்யூட்டரைப் பற்றி எனக்குத் தெரிந்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் எங்கள் குடும்பத்தில் யாரைக் கேட்டாலும் நான்தான் கம்ப்யூட்டர் ஆள். அதனால்தான் அத்தான் காலையிலேயே போன் செய்து, "மாப்ள, உங்க அக்கா இன்னைக்கு அந்த மெஷினைப் பூட்டப் போறா, பக்கத்துல ஒரு விவரமான ஆள் இருந்தா நல்லது," என்று என்னை வரவழைத்திருந்தார். அக்கா கூப்பிடவில்லை. அவளுக்கு என்னைத் தெரியும்.

அக்கா ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் பல வருடம் இருந்தவள். முதலாளி வயதாகி அலுவலகத்தை மூடியபோது மேசை, நாற்காலி, கம்ப்யூட்டர் எல்லாம் யார் யார் கைக்கோ போயின. இனி வீட்டிலிருந்தே வரைவது என்று அவள் முடிவு செய்தாள். ஒரு அறையை வரைந்து, அதற்குள் நடந்துபோவது போலத் திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டுமென்றால் வீட்டில் இருந்த பழைய லேப்டாப் மூச்சு வாங்கும். அதனால் ஒவ்வொரு உதிரிபாகத்தையும் தானே படித்து, தானே தேர்ந்தெடுத்து, தானே பூட்டினாள். கடைக்காரர், "நாங்களே மாட்டித் தர்றோம்மா," என்றாராம். "எனக்கே மாட்டத் தெரியணும், நாளைக்கு இது நின்னா நான்தானே பாக்கணும்," என்று சொல்லிவிட்டு அட்டைப் பெட்டிகளோடு வந்துவிட்டாள்.

நாளை நிற்க வேண்டியது இன்றே நின்றுவிட்டது.

இன்று பிற்பகல் ஒரு பல் டாக்டர் வருவதாக இருந்தது. அந்த அம்மாவின் புதிய கிளினிக்குதான் அக்காவுக்குக் கிடைத்த முதல் வேலை. கிடைத்த என்று சொல்லக்கூடாது, கிடைக்கக்கூடிய வேலை. திரையில் பார்த்துப் பிடித்திருந்தால் வரைபடம் அக்காவுடையது, மரவேலை முழுக்க அத்தானுடையது. பிடிக்காவிட்டால் அவருக்கு வேறு இடம் இருந்தது: ஒரு பெரிய கம்பெனி தன் மாதிரிப் படங்கள் நிறைந்த பளபளப்பான புத்தகத்தை ஏற்கனவே அவரிடம் கொடுத்து வைத்திருந்தது. மறுநாள் டாக்டர் வெளியூர் கிளம்புகிறார், இன்றைக்கே முடிவு சொல்லிவிடுவதாகப் பேச்சு. அக்கா எல்லாவற்றையும் தோழி ஒருத்தியின் கம்ப்யூட்டரில் வரைந்து, டிஸ்கில் ஏற்றித் தயாராக வைத்திருந்தாள். டிஸ்கை மாட்டி, பொத்தானை அழுத்திக் காட்ட வேண்டியதுதான் பாக்கி.

அத்தானுக்குத் தச்சு வேலை. கீழே தகரக் கொட்டகையில் பட்டறை. இத்தனை வருடமும் யார் யாரோ வரைந்த அலமாரிகளைச் செய்து கொடுத்து, அந்த வரைபடங்களைத் திட்டியே காலம் தள்ளியவர். "சுவரைக் கையால தொட்டுக்கூடப் பாக்காம கோடு போடுறானுங்க," என்பார். பெண்டாட்டி வரைந்ததைத் தான் செய்யப்போகிறோம் என்பதில் அவருக்கு இருந்த பெருமையை டீக்கடை வரைக்கும் கொண்டுபோயிருந்தார். இன்னும் வேலையே வரவில்லை, அதற்குள் மாதிரிக்கு ஒரு கதவை இழைத்து, மெருகேற்றி, மேலே கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்.

இரண்டு பேருக்கும் ஒரே ஒரு விஷயத்தில்தான் சண்டை. டாக்டரின் மருந்து அலமாரியில், பலகைகளை வேண்டிய உயரத்துக்கு மாற்றி வைத்துக்கொள்ள வசதியாக, உள்பக்கம் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழ்வரை வரிசையாகத் துளைகள் வரைந்திருந்தாள் அக்கா. அத்தானுக்கு அது ஆகவே ஆகாது. "ஓட்டை ஓட்டையா இருந்தா பாக்கறவங்க வேலை முடியலைன்னு நினைப்பாங்க. பலகையை ஆணி அடிச்சு நிறுத்துவோம், நூறு வருஷம் நிக்கும்." "அவங்களுக்கு நூறு வருஷம் வேணாம்ங்க. அடுத்த மாசம் பெரிய பாட்டில் வந்தா வைக்கணும்." ஒரு வாரமாக இது சோற்றுத் தட்டுக்கு எதிரிலும் நடந்துகொண்டிருந்தது. அத்தான் மோசமானவர் இல்லை. அவருக்குக் காலியான துளை என்றால் கை நமநமவென்று இருக்கும், அவ்வளவுதான்.

அரைச் சுற்றுக்குப் பிறகு நான் என் சுபாவப்படி கோபப்பட்டேன். "கடைக்காரன் உடைஞ்ச சாமானைத் தள்ளிவிட்டுட்டான். நம்பரைக் குடு, நான் பேசிக்கிறேன்," என்று போனைக் கையில் எடுத்தேன்.

"என்னன்னு பேசுவ?"

"ஓடலைன்னு."

"எது ஓடலைன்னு கேப்பாங்களே."

போனைப் பையில் வைத்தேன். நாங்கள் ஆபீசில் கேட்கும் கேள்வியும் அதுதான். அதைக் கேட்டதும் எதிர்முனையில் இருப்பவர்களுக்கு வருகிற ஆத்திரம் எனக்கு அப்போதுதான் நன்றாகப் புரிந்தது.

அக்கா சுவரிலிருந்து மின்கம்பியைப் பிடுங்கினாள். சாப்பாட்டு மேசையைத் துடைத்து, நடுவில் ஒரு நூலை நீளமாகக் கிடத்தினாள். "இந்தப் பக்கம் நல்லவங்க. அந்தப் பக்கம் சந்தேகம். எல்லாரும் இப்போதைக்குச் சந்தேகம்," என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

முதலில் பவர் சப்ளை. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை வாங்கி எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் கனமான டப்பா அது. அதன் கம்பிகளை எல்லாம் கழற்றித் தனியாக வெளியே எடுத்து, ஒரு பழைய விசிறியை மட்டும் மாட்டி, அதன் பெரிய இணைப்பில் இரண்டு துளைகளைக் காகிதம் செருகும் ஒரு கம்பிக் கிளிப்பால் சேர்த்தாள். நான் இரண்டடி பின்வாங்கினேன். விசிறி சுற்றியது, நிற்கவில்லை. அக்கா அதை நூலுக்கு இந்தப் பக்கம் வைத்தாள். "இது நல்லது. எங்கயோ கரண்ட் போகக்கூடாத வழியில போகுது. அதைப் பாத்துட்டு இது தானா நிறுத்திக்குது. எதையும் எரிக்காம நிறுத்துதே, அதுவே பெரிய விஷயம்."

கம்பிகளை மறுபடி இணைத்துக்கொண்டு, அடுத்து படம் காட்டும் கார்டு. அதற்கடுத்து நினைவகப் பட்டைகள். ஒன்றைக் கழற்றுமுன் அவள் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொன்னாள்: "இதை எடுத்துட்டு ஓடினா, தப்பு இதுல. ஓடலைன்னா வேற இடத்துல." எடுத்தாள். அழுத்தினாள். அரைச் சுற்று. ஒரே நேரத்தில் இரண்டைத் தொடவில்லை. எனக்கானால் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு மறுபடி மாட்டத் தோன்றியது. சொன்னேன். "அப்படி மாட்டி ஓடினாலும், எதனால ஓடுச்சுன்னு தெரியாதுடா. மறுபடி நிக்கும்போது மறுபடி முழிக்கணும்," என்றாள்.

என் அக்காவை எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். ஆனால் ஒரு பொருள் ஓடாதபோது அவள் எப்படி இருப்பாள் என்று அன்றைக்குத்தான் உட்கார்ந்து பார்த்தேன். ஓடாத பொருளுக்கு முன்னால் மனிதர்கள் எப்படி ஆகிறார்கள் என்பது எனக்கு அத்துப்படி. என் சோறே அதில்தான். முதலில் அந்தப் பொருளைத் திட்டுவார்கள். பிறகு என்னை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, வீட்டில் யாரோ கை வைத்துவிட்டார்கள் என்பார்கள். மனைவி துடைக்கிறேன் என்று நகர்த்திவிட்டாள், மாமனார் எதையோ அமுக்கிவிட்டார், தம்பி நோண்டிவிட்டான். இத்தனை வருடத்தில் அந்த மூன்றாவது கட்டத்துக்கு வராத ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. அக்கா முதல் கட்டத்துக்கே வரவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது, அவள் விரல்கள் அவசரப்படவில்லை. சின்னத் திருகாணிகளைக் கழற்றிய இடத்தின் வரிசையிலேயே ஒரு தட்டில் வைத்தாள். எனக்கு அவளை நினைத்துப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது, இவ்வளவு நிதானத்துக்குப் பிறகும் ஓடாவிட்டால் என்ன செய்வாள் என்று.

அத்தானால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. கீழே போவார், இழைப்புளிச் சத்தம் கேட்கும், சட்டென்று நிற்கும். படியேறி வந்து வாசலில் நின்று, தலையிலெல்லாம் மரத்தூளோடு, "என்ன சொல்லுது?" என்பார், உள்ளே நோயாளி இருப்பதுபோல. "இன்னும் ஒண்ணும் சொல்லல," என்பாள் அக்கா. மறுபடி கீழே போவார்.

அவர் ஒருமுறை போனதும் அக்கா கையைத் துடைத்துக்கொண்டே தணிந்த குரலில் சொன்னாள்: "ஓடலைன்னா அந்தம்மா வேற ஆளைப் பாத்துக்குவாங்க. அவங்க மேல தப்பில்ல. இவரு கதவை இழைச்சே வெச்சுட்டாரு, அதைத்தான் என்ன பண்றதுன்னு தெரியல." சுவரில் சாய்ந்திருந்த அந்தக் கதவை இருவருமே பார்க்கவில்லை.

பிறகு அவள் மதர்போர்டையே வெளியே எடுத்தாள். மற்ற எல்லா பாகங்களும் வந்து உட்காரும் பெரிய பலகை அது. அது வந்த அட்டைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் கிடத்தி, பவர் சப்ளையையும் ஒரே ஒரு நினைவகப் பட்டையையும் மாட்டினாள். பொத்தான் பெட்டியோடு இருந்தது. அதற்குப் பதிலாகத் திருப்புளியின் நுனியால் ஓரத்தில் இருந்த இரண்டு ஊசிகளைத் தொட்டாள்.

விசிறி சுற்றியது. அரைச் சுற்று, ஒரு சுற்று, பிறகு எண்ண முடியாத சுற்று. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"வெளிய இருந்தா உயிரோட இருக்கு. பெட்டிக்குள்ள போனா சாகுது," என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதை அப்படியே ஓடவிட்டு, காலிப் பெட்டியை ஜன்னல் பக்கம் தூக்கிக்கொண்டு போய் வெளிச்சத்தில் சாய்த்தாள்.

பெட்டியின் தரையில் திருகாணி போலத் திருகி மாட்டிய சின்னச் சின்னப் பித்தளைக் கால்கள் இருந்தன. பலகை உலோகத் தரையைத் தொடாமல் அந்தக் கால்களின் மேல்தான் உட்கார வேண்டும். பலகையில் துளை உள்ள இடத்தில் மட்டும்தான் கால் இருக்கலாம். வேறு அளவுப் பலகைகளுக்காகப் பெட்டியில் கூடுதலாக மரைத் துளைகள் இருக்கும். அவை காலியாகவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கே இருக்கும் கால் வழியே கரண்ட் பெட்டிக்கு இறங்கிவிடும். இதையெல்லாம் அக்கா பிறகு எனக்குச் சொன்னாள். அந்த நேரத்தில் அவள் ஒரே ஒரு காலை மட்டும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலால் தொட்டாள். விரலை முகர்ந்தாள். என்னிடம் நீட்டினாள்.

மெழுகுவர்த்தி வாசனை.

உலகத்தில் எந்தக் கம்ப்யூட்டர்க்காரனும் திருகாணியை மெழுகில் தேய்த்துவிட்டு முடுக்க மாட்டான். தச்சன் செய்வான். மரத்தில் வழுக்கிக்கொண்டு இறங்கும், பிறகு துருவும் பிடிக்காது. எங்கள் அத்தான் சுவரில் காலண்டர் மாட்டினால்கூட மெழுகைத் தேடுகிறவர். முந்தின நாள் மாலை அக்கா கால்களைப் பொருத்திவிட்டு எழுந்து போயிருக்கிறாள். மனிதர் வந்து பார்த்திருக்கிறார். பெட்டியில் ஒரு துளை காலி. பக்கத்துப் பொட்டலத்தில் ஒரு கால் மிச்சம். கை நமநமத்திருக்கிறது. பெண்டாட்டி மறந்துவிட்டாள், பாவம், என்று நினைத்துப் போட்டிருப்பார். அதைச் சொல்லிக்காட்டக்கூடாது என்று பெரிய மனதோடு சொல்லாமலும் இருந்திருப்பார்.

எனக்கு மண்டைக்குள் சுர்ரென்று ஏறியது. அரை நாள் போயிற்று. மூன்றாவது கட்டத்துக்கு நான் தயாராகிவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். பிறகு அந்தக் காலை விரலால் திருகப் பார்த்தாள். அசையவில்லை.

"ஏங்க," என்று கீழே கூப்பிட்டாள். "குறடு கொஞ்சம் கொண்டு வாங்க."

அத்தான் குறட்டோடு ஓடிவந்தார். மேசையில் விசிறி சுற்றுவதைப் பார்த்து முகம் மலர்ந்தது. பிறகு அவள் எதைக் காட்டுகிறாள் என்று குனிந்து பார்த்தார். "இதையா? இது எதுக்குக் கழட்டணும்? நான்தான் போட்டேன். காலியா கிடந்துச்சு."

"தெரியும். ரொம்ப நல்லா முடுக்கியிருக்கீங்க. கையால வரல."

அதில் குத்தல் இல்லை. அக்காவுக்குக் குத்தலாகப் பேசத் தெரியும், நான் அனுபவித்திருக்கிறேன். இது அது இல்லை. நன்றாக முடுக்கப்பட்ட ஒன்றை நன்றாக முடுக்கப்பட்டது என்றே சொன்னாள். அத்தான் அதைக் கழற்றினார். கழற்றும்போது அவர் கண் அந்த இடத்தையும், மேசையில் கிடந்த பலகையையும், மறுபடி அந்த இடத்தையும் பார்த்தது. அளவு தெரிந்த மனிதர். யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பலகையில் அந்த இடத்தில் துளை இல்லை. துளை இல்லாத இடத்தில் பித்தளை முட்டியிருக்கிறது. குறட்டைப் பிடித்திருந்த கை இறங்கியது.

"காலையிலேர்ந்து இதனாலயா?"

"போர்டை வைக்கறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை குனிஞ்சு பாத்திருக்கணும்," என்றாள் அக்கா. "நானே போட்டதுதானேன்னு பாக்கல."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வாசல் மணி அடித்தது. நான் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். டாக்டரேதான், சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே வந்துவிட்டார்.

மறுபடி எல்லாவற்றையும் பெட்டிக்குள் பூட்ட நேரமில்லை. "மாத்திப் பூட்ட வேணாம். இங்கயே ஓடட்டும்," என்றாள் அக்கா. நான் வாசலுக்குப் போய், ஒரு கண்ணை உள்ளே வைத்துக்கொண்டு, டாக்டரிடம் வெயிலைப் பற்றியும் வழி கண்டுபிடித்ததைப் பற்றியும் விசாரித்து நின்றேன். நேரம் கடத்துவதில் எனக்கு ஆபீஸ் பயிற்சி இருந்தது. உள்ளே அக்கா மின்சாரத்தை நிறுத்திவிட்டு, டிஸ்கையும் இரண்டாவது நினைவகப் பட்டையையும் மாட்டினாள். படம் காட்டும் கார்டைச் செருகியபோது அது தன் கனத்தில் ஒரு பக்கம் தொங்கியது. பெட்டிக்குள் இருந்தால் பிடித்துக்கொள்ளச் சட்டம் இருக்கும், இங்கே ஒன்றுமில்லை. அத்தான் அதன் உயரத்தைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டுக் கீழே இறங்கினார். திரும்பி வந்தபோது கையில் ஒரு சின்ன மரக்கட்டை, நான்கு பக்கமும் இழைத்தது. நேராகப் போய் வைத்துவிடவில்லை. கட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"இதைக் கீழ வெக்கட்டுமா? காஞ்ச மரம்தான், கரண்ட் கடத்தாது."

அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "வைங்க," என்றாள்.

மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது. டாக்டர் உள்ளே வந்து, அட்டைப் பெட்டியின் மேல் குடல் குந்தாணி எல்லாம் வெளியே தெரியக் கிடந்ததைப் பார்த்து நின்றார். "என்னம்மா, ஆபரேஷன் நடந்துட்டிருக்கா?"

"ஆபரேஷன் முடிஞ்சுது டாக்டர். தையல் மட்டும்தான் பாக்கி," என்று சொல்லிக்கொண்டே அக்கா திருப்புளியால் அந்த இரண்டு ஊசிகளைத் தொட்டாள். விசிறிகள் சுற்றின. திரை கறுப்பாக இருந்தது, கறுப்பாகவே இருந்தது, பிறகு வெளிச்சம் வந்தது. சற்று நேரத்தில் அதில் ஒரு கதவு தெரிந்தது. சுவரில் சாய்ந்திருந்த அதே கதவு.

அக்கா எங்களை உள்ளே அழைத்துப் போனாள். காத்திருக்கும் அறை, அதன் பெஞ்சு, சிகிச்சை நாற்காலி, நாற்காலியில் சாய்ந்தால் கண்ணில் படும் ஜன்னல். நோயாளி படுத்திருக்கும் உயரத்திலிருந்து அறை எப்படித் தெரியும் என்றுகூடக் காட்டினாள். டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். நல்லதா கெட்டதா என்று அந்த முகத்திலிருந்து எங்களால் படிக்க முடியவில்லை. மருந்து அலமாரி வந்தது. அக்கா கதவைத் திறந்து காட்டினாள்.

"இது என்ன, ரெண்டு பக்கமும் இவ்வளவு ஓட்டை?" டாக்டர் திரையில் விரல் வைத்தார். "வரைஞ்சு முடிக்கலையா? இதையெல்லாம் எதையாவது வெச்சு அடைச்சிடுவீங்கதானே?"

அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

"இல்லைங்கம்மா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அத்தான் கதவோரத்தில், தலையில் மரத்தூளோடு, ஒரு கையை மூடியபடி நின்றிருந்தார். "அது காலியாத்தான் இருக்கணும். இன்னைக்கு நாலு பலகை போதும். நாளைக்கு உயரமா ஏதாவது வந்தா நீங்களே எடுத்து மாத்தி வெச்சுக்கலாம். அடைச்சிட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது." சற்று நிறுத்தி, "அளவு பாத்துத்தான் வரைஞ்சிருக்கா," என்றார்.

அக்கா திரும்பவில்லை. மவுஸின் மேல் இருந்த அவள் கை மட்டும் அசையாமல் நின்றது. திரையில் அலமாரி பாதி திரும்பிய நிலையில் அப்படியே இருந்தது. டாக்டர் அந்தத் துளைகளை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசையில் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அத்தானின் மூடிய கையைப் பார்த்தேன். விரல்களுக்கு நடுவே அந்தப் பித்தளைக் கால் கொஞ்சம் வெளியே தெரிந்தது.